வீரபத்திரன் எழுதிக் கொடுத்த மனு

தந்தி ஆபீஸ் வீரபத்திரனைப் பற்றி ராமேஸ்வரத்தில் யாரைக் கேட்டாலும், "அவரா, தங்கமான மனுசன்" என்பார்கள். படிக்கத் தெரியாத சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், அதனால் வந்த பேர். அந்தப் பேரைக் கேட்டால் மட்டும் அவருக்கு உடம்பு கூசும். கூசாமல் என்ன செய்யும்? நடந்தது அவருக்கல்லவா தெரியும்!

கடலாடிப் பக்கத்துக்காரர். பகலெல்லாம் ஆபீசில் தந்தி தட்டியும் ஆசை அடங்காமல், பரீட்சை எழுதி, சொந்த ரேடியோவில் பேசச் சர்க்கார் லைசென்ஸ் வாங்கியவர். பட்டாளத்தில் கழித்துப் போட்ட செட் ஒன்றை மதராசிலிருந்து கொண்டுவந்து, ஆறு மாதம் குடைந்து உயிர் கொடுத்தார். கொல்லையில் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியைத் துணி காயப்போடும் கொடி என்றே தெருவில் நினைத்தார்கள். வீட்டிலிருந்து பேசினால் மதுரையைத் தாண்டுவதே பெரும்பாடு. உயரத்திலிருந்து பேசினால் குரல் எங்கெங்கோ போகும் என்று ஒரு புத்தகத்தில் படித்தார். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது.

தீவில் மலைக்கு எங்கே போக? கந்தமாதன பர்வதம்தான். பேர்தான் பர்வதம், வெளியூர்க்காரன் பார்த்தால் மணல்மேடு என்று சிரிப்பான். அந்தச் செட்டையும் கார் பாட்டரியையும் தூக்கிக்கொண்டு ஏறச் சொல்லுங்கள், அப்புறம் சிரிக்கட்டும்.

கூடச் சுமக்க வந்தவர் தங்கச்சிமடத்து வியாகுலம். கடல் தொழில். ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை, பூசை முடிந்ததும் வந்துவிடுவார். ராமர் பாதம் இருக்கிற மலையில் ஞாயிற்றுக்கிழமை என்ன சோலி என்று பெண்சாதி புஷ்பமேரி பிடித்துக்கொள்வாள். அதனால் கிழிந்த வலை பொத்தப் போவதாக அவளிடம் ஒரு பொய். பாய்மரக் கம்பை நட்டு அவர்தான் கம்பி கட்டுவார். காதில் குழாயை மாட்டிக்கொண்டு, "கொழும்புல இருக்கவன் இருமுறதுகூடக் கேக்குதே தந்தியய்யா!" என்று சின்னப்பிள்ளையாகக் குதிப்பார்.

ஒரே ஒரு வில்லங்கம். லைசென்சில் இருந்தது வீட்டு விலாசம். வெளியிடத்தில் வைத்துப் பேசத் தனி அனுமதி வாங்க வேண்டும். எழுதிப் போட்டால் வருசக்கணக்கில் இழுப்பான், எவன் பார்க்கப் போகிறான் என்று வீரபத்திரன் விட்டுவிட்டார். வியாகுலத்திடமும் சொல்லவில்லை.

1961, மாசி மாதம், ஒரு ஞாயிறு. கள்ளத்தோணி, கடத்தல் என்று கரை நெடுகக் கெடுபிடியான காலம். மலைமேல் எவனோ கம்பு நட்டுத் தோணிக்குத் தகவல் சொல்கிறான் என்று யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். வீரபத்திரன் அப்போது கம்பியின் மறுமுனையை இறுக்கிக் கட்டச் சரிவில் இறங்கி, ஓர் உடைமரத்தடி முள்ளுக்குள் குந்தியிருந்தார். நிமிர்ந்தால் மேலே மூன்று காக்கிச்சட்டை.

"ஏலே, யாரு பெட்டிடா இது?"

"நான் சுமக்க வந்தவன்யா."

"யாருக்குச் சுமந்தே?"

வியாகுலத்தின் கன்னத்தில் பளாரென்று விழுந்த அறை உடைமரம்வரை கேட்டது.

லைசென்ஸ் சட்டைப்பையிலேயே இருந்தது. இருபது எட்டு வைத்து ஏறிப்போய் "செட்டு என்னுது" என்றால் முடிந்தது. கால் எழவில்லையே! தந்தி இலாகாக்காரனே சட்டத்தை மீறினான் என்று வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். ஸ்டேஷனில் போய்ப் பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு சமாதானம் சொன்னது. மனசுக்கென்ன, திருடனுக்கும்தான் சமாதானம் சொல்லும். செட்டைத் தலையில் ஏற்றி வியாகுலத்தை அவர்கள் நடத்திக்கொண்டு போனதை, முள்ளுக்குள் குந்தியபடியே பார்த்தார். அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் வாசலில் புஷ்பமேரி.

"எந்தப் பாவியோ எங்க வீட்டுக்காரரு தலையில ஏத்திவிட்டுட்டு ஓடிட்டான்யா. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. தெரிஞ்சா அவன் வாசல்ல மண்ணை அள்ளித் தூத்திருவேன். நீங்கதான் இங்கிலீசுல ஒரு மனு எழுதித் தரணும்."

நாண்டுக்கிட்டுச் சாகலாம் போலிருந்தது. ஆனாலும் எழுதினார். முன்பின் அறியாத ஒருவருக்காகப் பெட்டி சுமந்த ஏழை என்று முத்து முத்தாக எழுதினார். எழுதும்போது கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பின்னாளில் அதை நினைத்துத்தான் அதிகம் குன்றிப்போனார். அவள் கைநாட்டு வைத்துவிட்டு, அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மனு வேலை செய்தது. செட்டைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டார்கள். வியாழக்கிழமை புருசனும் பெண்சாதியுமாக நன்றி சொல்ல வந்தார்கள். வியாகுலத்துக்கு முகம் வீங்கியிருந்தது, இடது காது கேட்கவில்லை. "நீங்க நல்லா இருக்கணும்யா" என்று புஷ்பமேரி அழுதாள். அவளைப் பஸ் பார்க்க அனுப்பிவிட்டு வியாகுலம் மட்டும் நின்றார்.

வீரபத்திரன் அவருடைய வலது காதுப்பக்கம் போய், "நான் ரொம்பக் கீழ இறங்கிட்டேன் வியாகுலம். போலீசு வந்ததே எனக்குத் தெரியாது" என்றார். அப்போதும் பொய்தான் வந்தது.

வியாகுலம் கோபப்படவில்லை.

"உடைமரத்துக்குள்ள உங்க வேட்டி தெரிஞ்சுச்சே தந்தியய்யா. அவுக பாக்கலை, நான் பாத்தேன். எப்படியும் எந்திரிச்சு வந்துருவீகன்னு மெள்ள மெள்ள நடந்தேன். அதுக்கும் ரெண்டு அடி போட்டாக."