சுருங்குவதற்கும் சேர்த்துப் பின்னியது

கம்பளி நூல் கொதிநீரில் விழும்போது நனைந்த ஆட்டின் மணம் எழும். அதனோடு பனம்பழத்தின் இனிப்பு மணமும் பூச்சி உருண்டையின் நெடியும் கலந்தால் எப்படியிருக்கும் என்பதை, என் பதினோராவது வயதில், சண்டிலிப்பாயில் எங்கள் குசினிக்குப் பின்னால் மூட்டிய அடுப்பின் முன் நின்று அறிந்துகொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எதுவுமே யாழ்ப்பாணத்துக்குள் வராமல் தடுக்கப்பட்டிருந்ததால், பனம்பழத்தைப் பிசைந்து அதன் களியில்தான் ஊரே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் எங்கள் அம்மா நாற்பத்திரண்டு வயதில் மூன்றாவது முறையாகக் கருவுற்றிருந்தார்.

என் அக்கா வசந்திக்கு அப்போது இருபது வயது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்குக் கலியாணம் பேசுகிற வீட்டில் தாய்க்கு வயிறு தெரிவது எங்கள் ஊரில் சிரிப்புக்கும் கூச்சத்துக்கும் உரிய விடயமாக இருந்தது. கிணற்றடியில் பெண்கள் அம்மாவைக் கண்டதும் கதையை மாற்றினார்கள். அப்பா விடியமுன்னரே வெங்காயத் தோட்டத்துக்குப் போய், பொழுதுபட்ட பிறகு ஆட்களில்லாத ஒழுங்கையால் திரும்பி வந்தார். எல்லோரையும்விட அதிகம் கலங்கியது வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மாமிதான். அப்பாவின் மூத்த சகோதரி. தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். எங்கள் மீது பாசமானவர்தான், ஆனால் அக்காவின் கலியாணம் குழம்பிவிடுமோ என்ற பயம் அவரை நித்திரைகொள்ள விடவில்லை. ஒருநாள் மத்தியானம் வந்து, வட்டுக்கோட்டையில் தனக்குத் தெரிந்த வீடொன்று இருக்கிறது, பிள்ளை பிறக்கும்வரை அம்மா அங்கே போயிருந்தால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியவராது என்றார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார்:

"ஒளிக்கிறதுக்கு நான் ஆரின்ரை பிள்ளையைச் சுமக்கிறன், மச்சாள்?"

மாமி எழுந்து, வேலியில் ஆள் நுழையுமளவு இருந்த பொட்டால் தன் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்.

வெயில் கொளுத்தும் யாழ்ப்பாணத்தில் கம்பளி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளை பிறக்கவேண்டியது மார்கழியில். வளவின் மூலையில், இரண்டு பலாமரங்களுக்கு நடுவில், அப்பா வெட்டியிருந்த "பங்கர்" மழைக்காலத்தில் ஊறும். மண்சுவரில் கை வைத்தால் கை நனையும். குண்டுபோட விமானம் வந்தால் பச்சைப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அதற்குள்தான் இறங்கவேண்டும். முந்தைய மாரியில் அயலில் ஒரு குழந்தை அப்படிப் பங்கருக்குள் சளி பிடித்து, மருந்தில்லாமல் இறந்துபோயிருந்தது. அந்த வீட்டுச் சாவுக்குப் போய் வந்ததை அம்மா மறக்கவில்லை.

கம்பளி எங்களிடம் இருந்தது. இனக்கலவரத்துக்கு முன் அப்பா பண்டாரவளையில் அலுவலக எழுதுவினைஞராக இருந்தவர். நான் பிறந்ததும் அங்கேதான். அந்தக் குளிருக்கென்று அம்மா அங்கேயே பின்னல் பழகி, ஆட்டுரோம நூலில் அப்பாவுக்கு ஒரு சாம்பல் நிறச் சுவெட்டர் பின்னிக் கொடுத்திருந்தார். எண்பத்துமூன்று ஆடியில் எங்கள் வீடு எரிந்தபோது அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் வெளியே ஓடினார். அகதிகளாகக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது மலைநாட்டு வாழ்க்கையில் எங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். இங்கே அதைப் போட வேண்டிய தேவையே வரவில்லை. அலுமாரிக்குள் பூச்சி உருண்டைகளோடு கிடந்தது. அம்மா அதை எடுத்து அப்பாவின் முன் வைத்து, அவிழ்த்துப் பின்னட்டுமா என்று கேட்டார். அப்பா அதை மடியில் வைத்துச் சற்றுநேரம் தடவினார்.

"எடும்," என்றார். "உது என்னைக் காப்பாத்தினது காணும், இனிப் பிள்ளைக்கு."

பின்னல் ஊசிகள் பண்டாரவளையோடு எரிந்துபோயிருந்தன. அப்பா பழைய சைக்கிள் சில்லுக் கம்பிகளை வெட்டி, நுனியைக் கல்லில் உரசிக் கொடுத்தார். அவர் அம்மாவின் பக்கம் நிற்கிறார் என்பதை எங்களுக்குக் காட்டியது அந்தக் கம்பிகள்தான். வாயால் அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அம்மா முதலில் சுவெட்டரின் கைகள் இரண்டையும் அவிழ்த்து ஒரு குட்டிச் சட்டை பின்னினார். அழகான சட்டை. கழுத்தில் நாடா, மார்பில் சின்னச் சின்ன முடிச்சுப் பூக்கள். அம்மா பின்னியது அறைக்குள் இருந்து அல்ல. ஒழுங்கையால் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தெரியும்படி, வாசலுக்கு நேரே கதிரையைப் போட்டுக்கொண்டு, பெரிய வயிற்றின் மேல் நூலுருண்டையை வைத்துப் பின்னினார். பிள்ளை பிறக்கமுன் உடுப்புச் செய்து வைக்கக் கூடாது என்று மாமி வேலிக்கு மேலால் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பண்டாரவளையில் கம்பளியைக் குளிர்தண்ணீரில் அலசித் துவாயில் ஒற்றி எடுப்பதுதான் அம்மாவின் வழக்கம். ஆனால் சவர்க்காரம் இல்லாத ஊரில், காய்ச்சல் பரவிய காலத்தில், குழந்தையின் துணியைக் கொதிக்க வைக்காமல் போடமுடியாது. அதனால் சட்டையை வெந்நீரில் அவித்து, பனங்களி பூசிக் கல்லில் தேய்த்துத் தோய்த்தார். கொடியில் போட எடுத்தபோது சட்டையைக் காணோம். அம்மாவின் கையில் இருந்தது, என் உள்ளங்கை அளவான, தடித்து இறுகிய ஒரு துண்டு. முடிச்சுப் பூக்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நூலை அவிழ்க்கவும் வழியில்லை. நான் அதை வெறும் சோடாப் போத்தலுக்குப் போட்டுப் பார்த்தேன்; கழுத்துக்குள் போகவில்லை.

மாமி வேலிப் பொட்டால் வந்து அதைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"வேண்டாமெண்டு வந்த சகுனம் இது, புவனம். பிறக்க முதல் பின்னாதை எண்டு சொன்னனான்."

அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா, பின்னும்போது எழுதி வைத்திருந்த அளவோடு அந்தத் துண்டைச் சாண் போட்டுப் பார்த்தார். நீளத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது.

"சகுனமில்லை மச்சாள், சுடுதண்ணி," என்றார். "எவ்வளவு சுருங்குமெண்டு இப்ப தெரிஞ்சிட்டுது. அடுத்ததை அந்த அளவுக்குப் பெரிசாப் பின்னுவன்."

சுவெட்டரின் உடல் பகுதியை அன்று பின்னேரமே அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். இது போனால் வேறு நூல் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது சட்டை பாதி வளர்ந்திருந்தபோதுதான் தென்மராட்சியிலிருந்து அக்காவைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல குடும்பம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அறைக்குள் இருத்திவிடலாம் என்று மாமி முடிவெடுத்தார். அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதல்நாள் அக்கா, அம்மாவின் முகத்தைப் பாராமல், "நாளைக்கு மட்டும் உள்ளுக்கை இருங்கோ அம்மா," என்று கேட்டாள். அம்மாவின் கை பின்னலில் நின்றது. பிறகு திரும்பவும் ஓடத் தொடங்கியது.

அவர்கள் சைக்கிள்களில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மகனின் பின் கரியரில் பக்கவாட்டாக அமர்ந்து, அவ்வளவு தூரமும் வந்திருந்தார். அவர்கள் படலையைத் திறந்தபோது அம்மா நல்ல சேலை உடுத்து, தலையில் பூ வைத்து, வழமையான கதிரையில் பின்னிக்கொண்டிருந்தார். எழுந்து, வயிற்றைத் தாங்கியபடி, வாருங்கோ என்று கைகூப்பினார். மாமி சுவரோடு ஒட்டி நின்றார். சீனி இல்லாத தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த அந்தத் தாய், அம்மாவின் மடியில் கிடந்ததைப் பார்த்துக் கேட்டார்:

"ஆருக்கு உது பின்னுறியள்?"

"எனக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கு."

"பிறக்கிற பிள்ளைக்கு உவ்வளவு பெரிசோ?"

அது உண்மையில் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போடக்கூடிய சட்டை. "இந்த நூல் தோய்ச்சாச் சுருங்கும்," என்றார் அம்மா. "சுருங்கிறதுக்கும் சேர்த்துத்தான் பின்னுறன்."

அந்தத் தாய் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார். அக்கா தட்டோடு வந்தாள், போனாள். ஒரு கிழமைக்குள் தரகர் வந்து, பெண்ணில் ஒரு குறையும் இல்லையாம், ஆனால் தாயும் மகளும் ஒன்றாகப் பிள்ளைப்பேறு பார்க்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாமாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அம்மாவோடு கதைப்பதை நிறுத்தினாள். சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவாள், கோப்பையைக் கழுவி வைப்பாள், அவ்வளவுதான். அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. தான் செய்தது சரி என்று விளக்கவும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் பின்னலை எடுக்கவேயில்லை. நூல் கதிரையின் கீழே கிடந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு காலையில் விமானச் சத்தம் கேட்டது. அப்பா தோட்டத்தில். நான் முதலில் பங்கருக்குள் பாய்ந்துவிட்டேன். அம்மாவால் படியில் இறங்க முடியவில்லை. சேறு வழுக்கியது, வயிறு இடித்தது. அக்கா மேலே நின்று அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, மெல்ல மெல்ல இறக்கிவிட்டு, தானும் குதித்தாள். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். எங்கேயோ தூரத்தில் விழுந்த குண்டுக்குச் சுவர் மண் உதிர்ந்து எங்கள் தலையில் கொட்டியது. மூவரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். அப்போது அம்மாவின் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்திருக்கவேண்டும். அக்காவின் கை அங்கேதான் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. விமானம் போன பிறகும் கனநேரம் எடுக்கவில்லை.

அடுத்த நாள் கிணற்றடியில் மாமி வழமைபோல் ஆரம்பித்தார்: குமர்ப்பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டு இருக்கிற தாய் என்று, அம்மாவுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார். தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"மாமி, அம்மா களவெடுக்கேல்லை. அம்மாவை ஒளிச்சு வைச்சுக் கட்டிற கலியாணம் எனக்கு வேண்டாம்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கிணற்றடியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அன்று மத்தியானம் அவளே கதிரையின் கீழிருந்த நூலை எடுத்து, தூசு தட்டி, அம்மாவின் மடியில் வைத்தாள்.

சட்டை முடிந்த நாளில் பின்வளவில் அடுப்பு மூட்டினோம். நான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மணம் அன்றைக்குரியது. பருவத்தின் கடைசிப் பனம்பழத்தை அப்பா எங்கேயோ தேடிக் கொண்டுவந்தார். அக்கா அகப்பைக் காம்பால் கிண்ட, அம்மா கொஞ்சத்துக்கொருதரம் தூக்கிப் பார்த்து, இன்னும், இன்னும் என்றார். கடைசியில், போதும், காணும் என்று சொல்லி வெளியே எடுத்துப் பிழிந்து உதறினார். ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. கழுத்துச் சற்றுக் கோணல். ஆனால் பிறந்த பிள்ளைக்கு அளவான, மழை புகாத தடிப்பில், அதற்குமேல் சுருங்க இடமில்லாத ஒரு சட்டை அம்மாவின் கையில் இருந்தது. அம்மா சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி நிற்பது தெரிந்து இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சிரித்தார்.

மார்கழி மழையில், தார்ப்பாய் கட்டிய மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய், அம்மா ஒரு பெண்பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வந்தார். ஆரணி என்று பெயர் வைத்தது அக்கா. மூன்றாவதும் பெட்டையோ என்று ஊர் இன்னொரு முறை வாயைத் திறந்தது. பிறப்புத் தீட்டான துடக்குக் கழிந்ததும் அம்மா பிள்ளைக்கு அந்தச் சாம்பல் சட்டையைப் போட்டு, அக்காவின் கையில் கொடுத்து, பட்டப்பகலில், பெரிய ஒழுங்கையாலேயே கோயிலுக்கு நடந்தார். எத்தனையோ தரம் அந்தச் சட்டையோடு ஆரணியைப் பங்கருக்குள் கொண்டுபோனோம். அந்த மாரியில் அவளுக்கு ஒருநாளும் சளி பிடிக்கவில்லை. மாமி ஒரு நாள் தானாகவே வந்து, பிள்ளையைக் கையில் வாங்கி, சட்டையின் கையை இழுத்து விட்டு, "குளிருக்கு நல்லம்தான்," என்றார். பிறகு தேநீர் கேட்டார்.

அக்காவின் கலியாணம் இரண்டு வருடம் கழித்து நடந்தது. தோட்டத்து அலுவலாக அப்பாவிடம் வந்துபோன ஒருவர், முற்றத்தில் விழுந்து அழுத ஆரணியைத் தூக்கித் துடைத்து விட்டவர், தானே கேட்டுக் கட்டினார்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எங்கள் பகுதியான வலிகாமமே எழும்பி நடந்தபோது சட்டையை விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை, பலாமரங்கள் இரண்டும் இல்லை. பங்கர் தூர்ந்து மேட்டில் புல் முளைத்திருந்தது. மாமி இடம்பெயர்ந்த ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவும் இன்று இல்லை. ஆரணிக்கு இப்போது சொந்தத் தையல்கடை இருக்கிறது. கடையில் இன்று எந்த நிறத்திலும் நூல் வாங்கலாம், தோய்த்தால் சுருங்காதாம். எத்தனையோ போய்விட்டன. ஆனால் ஊரின் அந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை.

போன மாதம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மாவுக்குக் கண்தான் மங்கல். காது நன்றாகவே கேட்கும். எங்களுக்குப் பக்கத்தில் நாற்பதைக் கடந்த ஒரு பெண், சேலைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். அவரோடு வந்த வளர்ந்த மகள், இரண்டு கதிரை தள்ளி, யாரோ போல் இருந்தாள். அம்மா அந்தப் பெண்ணின் பக்கம் சரிந்து, எத்தனை மாதம் என்று கேட்டார். அவர் உதடு மட்டும் அசையப் பதில் சொன்னார்.

"கேக்கேல்லை, பிள்ளை," என்றார் அம்மா. "பெலத்துச் சொல்லு."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளும் திரும்பினாள். அந்தப் பெண் அம்மாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தலைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

"ஏழு மாசம், அம்மா," என்றார், அந்த அறை முழுவதும் கேட்கும்படி.