தனசேகரன் மாட்டிய சோலார்

செஞ்சியில் வயரிங் வேலைக்குத் தனசேகரனைக் கூப்பிடாத தெரு இல்லை. அவனுடைய ஒரே மகள் ஜெயஸ்ரீக்குத் தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் நோய். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது மூச்சுவிடவும் மெஷின் தேவைப்பட்டது. அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக ஜெயமாலா என்பவர் ஒரு பகல்நேர இல்லம் நடத்திவந்தார். ஜெயஸ்ரீ அங்கேதான் இருப்பாள், அம்மா மஞ்சுவும் கூடவே. கரண்ட் போனால் பழைய பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்புறம் மெஷின் நின்றுவிடும். மறுபடி கரண்ட் வரும்வரை மஞ்சு ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மகளுக்குக் காற்றுக் கொடுப்பாள்.

ஜெயமாலா நன்கொடை திரட்டி மாடியில் சோலார் போட ஏற்பாடு செய்தார். கம்பெனிக்காரர்களோடு தனசேகரனும் வேலையில் சேர்ந்துகொண்டான். பேனல்களை மேலே ஏற்றி மாட்டுவதை ஜெயஸ்ரீ முற்றத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி அண்ணாந்து பார்ப்பாள்.

"நைனா, என்னையும் மேல தூக்கினு போ," என்றாள் ஒருநாள்.

"பேட்டரி வரட்டும்மா. நீதான் சுவிட்சு போடணும்."

பேட்டரி வருவதற்குள் அவளுக்குச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

தனசேகரன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பேட்டரி வந்து இறங்கியதும் ஜெயமாலா தேடி வந்தார். வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்வதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மஞ்சு கணவன் பக்கம் திரும்பினாள்.

"அங்க எழிலரசன் இருக்குறான். அந்தப் புள்ளைக்கும் மெஷின்தான். நீங்களே முடிச்சுக் குடுங்க. நானும் வர்றேன்."

இருவரும் போனார்கள். பேட்டரியை இணைத்து, சுவிட்சையும் அவனே போட்டான். யாரும் கைதட்டவில்லை.

அன்று சாயங்காலமே பக்கத்து மாவு மில் சட்டென்று ஓய்ந்தது. கரண்ட் போய்விட்டது என்று தெரிந்ததும் மஞ்சு அலமாரியில் இருந்த ரப்பர் பையை எடுத்துக்கொண்டு எழிலரசனின் கட்டிலுக்கு ஓடினாள்.

"அத்த, மெஷின் நிக்கல. ஓடுது பாருங்க," என்றான் அவன்.

அவள் பார்த்தாள். பையை மார்போடு அணைத்தபடி தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். தனசேகரன் வாசற்படியிலேயே நின்றான். அவனால் உள்ளே வர முடியவில்லை.

அதன்பிறகு மஞ்சு அந்த இல்லத்துக்குப் போகவில்லை. அவலூர்பேட்டையில் அம்மா வீட்டோடு இருக்கிறாள். வீட்டுக்கு வரச் சொன்னால், கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனசேகரன் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறான். சாப்பாடு போடுகிறாள், சாப்பிடுகிறான். மகளைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. பொழுது சாய்வதற்கு முன்பே கிளம்பிவிடுகிறான்.