மறுவீட்டுச் சொதியும் நட்சத்திரக் கேள்வியும்

எங்கள் பக்கத்தில் இருந்து மாநிலங்களவைக்குப் போன ஒருவர் இருக்கிறார். அவருக்கு எங்களில் யாரும் ஓட்டுப் போட்டதில்லை. அந்த அவைக்கு ஆள் அனுப்புவது சட்டமன்ற உறுப்பினர்கள்தான். அந்த முறை காலியாக இருந்த இடங்களுக்குச் சரியாக அத்தனை பேரே மனுத் தாக்கல் செய்ததால் அங்கேயும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. இப்படி ஒரு ஓட்டுகூட விழாமல் போனவர், போன இடத்தில் தானும் அனேகமாக ஓட்டுப் போடாமலே ஆறு வருஷத்தைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. பதவிக்காலம் முடிந்து அவர் ஊர் திரும்பியதும் விக்கிரமசிங்கபுரத்தில் பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தார்கள். நான் ஆழ்வார்குறிச்சியில் தமிழாசிரியை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்குப் பாராட்டு என்றாலும் வாழ்த்து மடல் எழுத என்னைத்தான் தேடி வருவார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் ராகம் இழுத்து வாசித்துக் கொடுப்பார்களே, அது. விழாக் குழுவில் இருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், அண்ணாச்சி பார்லிமெண்டுல முழங்குனத எல்லாம் போட்டு நல்லா நீளமா ஒரு மடல் எழுதித் தாங்க."

"என்ன முழங்குனாவ?" என்று கேட்டேன்.

"டீச்சருக்குத் தெரியாததா," என்று சொல்லி, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது அவர் எழுந்த வேகத்திலேயே தெரிந்தது. அதனால் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். யார் எத்தனை நாள் வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் மாநிலங்களவையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. அண்ணாச்சி அவைக்கு வராமல் இருந்த அளவுக்குப் பள்ளிக்கு வராமல் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு நாங்கள் ஆள் அனுப்பி, படிக்க விருப்பம் உண்டா இல்லையா என்று கேட்போம். பேச்சு என்று தேடினால், வேறு யாரோ எழுப்பிய கோரிக்கையில் "நானும் இணைந்துகொள்கிறேன்" என்று பெயர் கொடுத்திருக்கிறார். ஒருவர் தக்காளி விலையைப் பற்றிப் பேசினால் அதில் இணைந்துகொள்கிறார். இன்னொருவர் எங்கோ வடக்கே ஒரு விமான நிலையத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னால் அதிலும் இணைந்துகொள்கிறார். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

ஓட்டுக் கதை இன்னும் கேவலம். பெரும்பாலான மசோதாக்கள் அங்கே குரல் வாக்கில் போய்விடுகின்றன. ஆம் என்பவர்கள் ஆம் என்று கத்துவார்கள், இல்லை என்பவர்கள் இல்லை என்று கத்துவார்கள். யார் எதைக் கத்தினார் என்று பெயர் பதியாது. அது அண்ணாச்சி மாதிரி ஆட்களுக்கு ரொம்ப வசதி. பெயர் பதிந்து வாக்கெடுப்பு நடந்த சில நாட்களில் பார்த்தால், அவர் அவைக்கு வந்திருக்க மாட்டார், வந்திருந்தால் வெளிநடப்பு செய்திருப்பார். தொழிலாளர் சம்பந்தப்பட்ட மசோதா ஒன்று வந்த அன்றைக்கும் அதுதான் நடந்தது. பொத்தானை அமுக்க வேண்டிய நேரத்தில் கூட்டத்தோடு எழுந்து வெளியே போய்விட்டார். மசோதா நிறைவேறியது. மறுநாள் பாபநாசம் ரோட்டில் "வெளிநடப்பு செய்த வேங்கையே" என்று பேனர் கட்டினார்கள். எதிர்க்கிறவர் உள்ளே உட்கார்ந்து எதிர்ப்பு ஓட்டைப் போட வேண்டும். எழுந்து வெளியே போவதற்கு வேங்கை எதற்கு, மணியடித்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள்.

மடலுக்குச் சரக்கு போதவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஊரில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இவர் மேல் மட்டும் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், காரணம் என் அண்ணன். அண்ணன் விக்கிரமசிங்கபுரம் நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வருகிற ஓய்வூதியம் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தாலே தீர்ந்துவிடும். ஓய்வுபெற்ற தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துவீர்களா, மாட்டீர்களா என்று அந்த அவையில் ஒருவர் எழுந்து நின்று மந்திரி முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். உயர்த்துவார்கள் என்று அவர் பெரிதாக நம்பவில்லை. "கேட்டாத்தானட்டி நாம இருக்கோம்னே அவாளுக்குத் தெரியும்," என்பார்.

சங்கத்துக் கூட்டம் ஒன்றுக்கு வந்த அண்ணாச்சி, "இந்தக் கூட்டத்தொடர்லயே கேக்கேன்," என்று வாக்குக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தொடர் போனது. அடுத்ததும் போனது. அண்ணன் அவரை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல விடமாட்டார். "அண்ணாச்சிக்கு ஆயிரம் சோலி இருக்கும்," என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் ஒருநாள் அண்ணாச்சியின் உதவியாளர் போன் பண்ணினார். கேள்வியை எழுதிக் கொடுத்திருந்தார்களாம், அது குலுக்கலில் விழுந்துவிட்டதாம், நட்சத்திரக் கேள்வியாக வரப்போகிறதாம். நட்சத்திரக் கேள்வி என்றால் மந்திரி அவையிலேயே வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் எழுந்து மேற்கொண்டு துருவித் துருவிக் கேட்கலாம். ஆலையில் போனஸ் அறிவித்த நாளில்கூட அண்ணன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சங்கத்து அறையில் டிவிக்கு முன்னால் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். நடக்க முடியாதவர்களை ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தார்கள்.

அதே நாளில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரின் மகளுக்கு மறுவீடு. பெரிய இடத்துச் சைவக் குடும்பம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள், மறுவீட்டுச் சொதிக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். சொதி என்றால் தேங்காய்ப் பாலில் காய்கள் போட்டுக் கொதிக்காமல் இறக்குகிற குழம்பு, கூடவே இஞ்சித் துவையல். லீவு போட்டுவிட்டுப் போனேன். மாநிலங்களவையில் கேள்வி நேரம் நண்பகல் பன்னிரண்டுக்கு. எங்கள் ஊரில் பந்தி போடுகிற நேரமும் அதுதான்.

இலையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர் வரிசையில் அண்ணாச்சி. தேதியைத் தப்பாக நினைத்துக்கொண்டோமோ என்றுகூடத் தோன்றியது. அவர் வெள்ளை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, சாதத்தில் குழி பறித்து, "ஊத்துவே, கஞ்சத்தனம் பண்ணாத," என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அண்ணன் போன் வந்தது.

"ஏட்டி, அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஏதும் சொகமில்லையா? உனக்குத் தெரியுமா?"

"ஏன் அண்ணே?"

"பேரைக் கூப்பிட்டாவ. ஆளக் காணோம். வேற யாரும் கேக்கியளான்னு சபைத் தலைவர் சுத்திப் பாத்தாவ. ஒருத்தரும் எந்திக்கல. அடுத்த கேள்விக்குப் போயிட்டாவ. ஆஸ்பத்திரியில எதுவும் கெடக்காவளோன்னு இங்கன எல்லாருக்கும் ஒரே கவலை."

"ஆஸ்பத்திரியில இல்ல அண்ணே. எனக்கு எதுத்தாப்புல பந்தியில இருக்காவ. ரெண்டாந்தரம் சொதி வாங்குதாவ."

பின்னால் டிவியில் யாரோ இந்தியில் பேசுவது கேட்டது.

"ஆளு நல்லாத்தான இருக்காவ?" என்றார் அண்ணன்.

"நல்லா இருக்காவ."

"சரி, வை."

இலையை மூடிவிட்டு, கை கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன். அண்ணாச்சி பைய வந்தார். என் அண்ணன் யார் என்று சொல்லி, இன்றைக்கு உங்கள் பெயரைக் கூப்பிட்டார்களே என்றேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தால்கூட இன்றைக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். சோப்பைப் போட்டு விரல் விரலாகக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், கேள்வியில என் பேரு போட்டாச்சுல்லா. நான் அங்கன இருந்தா என்ன, இங்கன இருந்தா என்ன. பதிவுல வந்துரும். டெல்லியில இந்தச் சொதி கெடைக்குமா, நீங்களே சொல்லுங்க."

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். வைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் "பதிவுல வந்துருமாமா," என்று மட்டும் கேட்டுவிட்டு, வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார். அதற்குப் பிறகு அந்த அவையில் அண்ணாச்சி அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஓய்வூதியம் இன்றைக்கும் அதே ஓய்வூதியம்தான்.

பாராட்டு விழா நோட்டீஸ் வந்தபோது எனக்குச் சிரிப்பதா, கிழிப்பதா என்று தெரியவில்லை. "ஓய்வூதியர்களின் துயர் துடைக்க அவையதிரக் கேள்வி எழுப்பியவர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பொன்னாடை போர்த்துகிறவர்கள் வரிசையில் அண்ணனின் பெயர். கேட்காமலே போட்டுவிட்டார்கள். "போகாதீங்க அண்ணே," என்றேன். "போகணும்ட்டி," என்று சொல்லிவிட்டு, தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் இந்த மனிதருக்குச் சால்வை போர்த்த வேண்டுமா என்று பஸ்ஸில் அவரோடு பேசாமலே வந்தேன்.

மண்டபத்தில் மூன்றாவது வரிசையில், மேடைக்கு நேராக உட்கார்ந்தோம். யாரோ எழுதிய வாழ்த்து மடலில் வேங்கை, சிங்கம், இமயம் எல்லாம் வந்து போயின. பிறகு பொன்னாடைகள். ஒவ்வொரு பெயரைக் கூப்பிடும்போதும் அண்ணாச்சி எழுந்து, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். தொகுத்து வழங்கியவர் அண்ணனின் பெயரைச் சங்கப் பதவியோடு சேர்த்துக் கூப்பிட்டார். அண்ணாச்சி கழுத்தை நீட்டினார்.

அண்ணன் எழவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்து அவர் முழங்கையைத் தொட்டேன்.

"அண்ணே, ஒங்களத்தான் கூப்பிடுதாவ."

மறுபடியும் பெயரைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி நீட்டிய கழுத்தோடு மேடையில் நின்றபடியே கூட்டத்தைக் கண்ணால் துழாவி, எங்கள் வரிசையில் அண்ணனைப் பார்த்துவிட்டார். அண்ணனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் முழங்கால் மேல் அசையாமல் இருந்தன.

"கேக்குதுட்டி," என்றார் அண்ணன். "அதான் நோட்டீஸ்ல பேரு போட்டாச்சுல்லா. பதிவுல வந்துரும்."

"வரல போலிருக்கு," என்றது மைக். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.