பச்சைத் துணிக்கு முன்னால் பயிர் வைத்தியம்

என் மாமனார் ஏம்பலத்தில் முப்பது வருடம் உரக்கடை வைத்திருந்தவர். கடையை மூத்த மகனிடம் ஒப்படைத்த பிறகும் ஆலோசனை சொல்லும் பழக்கத்தை ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஞாயிறு காலைகளில் விவசாயிகளுக்காக நேரலையில் பேசத் தொடங்கினார்.

கேமரா, விளக்கு, பச்சைத் துணி எல்லாம் என்னுடையவை. நான் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். துணியின் பச்சையைக் கம்ப்யூட்டர் அழித்துவிட்டு, அங்கே நாம் கொடுக்கும் படத்தை வைக்கும். எவ்வளவு பச்சையை அழிப்பது என்பதைக் கையளவுப் பெட்டியில் உள்ள ஒரு குமிழைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குமிழ் திருகும் வேலை எனக்கு.

வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் நெல்வயல் இருக்கிறது. "அங்கயே நின்னு பேசலாமே மாமா" என்றேன்.

"நம்ம பயிரு நோவு வந்து கெடக்குது. அத்தப் பாத்தா எவன்மா என் பேச்சக் கேப்பான்?" என்றார். ஏறி இறங்க ஒரு மேடுகூட இல்லாத எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ ஒரு நாட்டு மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயலின் படத்தைத் தேர்ந்தெடுத்தார். நீலத் துணி மாட்டலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். விவசாயிக்குப் பச்சைதான் மரியாதை என்றுவிட்டார்.

முதல் வாரம் இலைக்கருகல் நோய். எங்கள் வயலிலிருந்தே பிடுங்கி வந்த பயிரைக் கேமராமுன் தூக்கிக் காட்டினார். நல்ல இலைகள் எல்லாம் மறைந்துவிட்டன. கருகிய மஞ்சள் நுனிகளும் வேரும் மட்டும் மலைமேல் மிதந்தன. நான் பதறிக் குமிழைக் குறைத்தேன். இலைகள் வந்தன, கூடவே துணியின் சுருக்கங்களும் மலைமுழுக்கப் பச்சைத் திட்டாக வந்தன. மறுபடி கூட்டினேன். இந்தமுறை அவருடைய பச்சைத் துண்டும் போய், தோள் இருந்த இடத்தில் வயல் தெரிந்தது. அவர் எதுவும் அறியாமல் துத்தநாக சல்பேட்டின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. அதற்குள் நெட்டப்பாக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "அண்ணே, எத்தினியோ பேர் சொல்லிக் குடுத்தாங்க. எது நோவு, எது நல்ல எலன்னு இன்னிக்கித்தான் புரிஞ்சிது."

போனை வைத்த மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நோவு மட்டும் தெரியணும்னுதான்மா நானும் நெனச்சேன். அடுத்த வாரமும் அதே மாதிரி திருகு."

அடுத்த வாரம் பச்சைத் தத்துப்பூச்சி. பேரிலேயே பச்சை இருக்கிறதே என்று நயமாகச் சொன்னேன். "திருகுன்னா திருகுமா" என்றார். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்திருந்த பூச்சிகளைக் கேமராவுக்கு நேராக நீட்டி, "இதான் எதிரி, நல்லாப் பாத்துக்கங்க" என்றார். திரையில் பாட்டில் காலியாக இருந்தது. கீழே கருத்துகள் குவிந்தன. ஒருவர் கேட்டிருந்தார்: இன்னா மருந்து சார் அடிச்சீங்க, ஒண்ணுகூட இல்லியே.

திங்கட்கிழமை திருவாண்டார்கோயில் பக்கத்திலிருந்து இரண்டு பேர் அந்த மருந்தைக் கேட்டு பைக்கில் வந்து நின்றார்கள். மாமனார் என்னைக் கைகாட்டினார். நான் பாட்டிலைக் கேமராமுன் வைத்து, குமிழை இரண்டு பக்கமும் திருகிக் காட்டினேன். பூச்சி போனது, வந்தது.

வந்தவர்களில் மூத்தவர் நாலைந்து முறை திருகச் சொல்லிப் பார்த்தார். "அப்போ பூச்சி சாவல?"

"இல்லீங்க. அங்கயேதான் இருக்கும். பாக்கறவங்களுக்குத்தான் தெரியாது."

"இதுக்கு இம்மாம் பெரிய கம்ப்யூட்டரா? எங்க வயல்ல சேதம் பாக்க வந்த ஆபீசரு, ஜீப்ப வுட்டு எறங்காமலே இத்தச் செஞ்சாரு" என்றார் அவர்.

மாமனார் அன்று முதன்முறையாகச் சிரித்தார். அவர்களைப் பின்பக்கம் அழைத்துப் போய், நோய் வந்த எங்கள் வயலைத் தானே காட்டினார். மூவரும் வரப்பில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நான் படம் எடுக்கவில்லை.