லோர்னாவின் மூன்று மணி நேரம்

பேருந்தின் பின்சக்கரத்தை மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார் லோர்னா. 'ணங்' என்றால் காற்று இருக்கிறது. 'தொப்' என்றால் இல்லை. ஆங்கரேஜ் நகரில் பிப்ரவரி மாதத்துக் காலை ஐந்தரை மணி, உறைநிலைக்குக் கீழே பதினெட்டு டிகிரி. ஆறு சக்கரங்களையும் சுற்றி வருவதற்குள் மூக்கு நுனி மரத்துப்போயிருக்கும். "ஆறும் உசுரோட இருக்கு. எனக்குத்தான் முடியல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறி உட்காருவார்.

வயது ஐம்பத்தாறு. பள்ளிப் பேருந்து ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். பனியில் அவர் அழகைக் கண்டதில்லை; எங்கே பிரேக்கை மிதிக்கக் கூடாது என்பதைத்தான் கண்டிருக்கிறார். பிள்ளைகளை இறக்கிவிட்ட பின் கடைசி வரிசைவரை நடந்து, ஒவ்வோர் இருக்கையாகக் குனிந்து பார்ப்பார். ஒருமுறை அங்கே ஒரு சிறுமி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வராமல் ஒரு நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். "பொறாமையா இருந்துச்சு" என்கிறார்.

வீட்டில் கணவர் வெண்டல். இழுவைப்படகில் வேலை பார்த்தவர்; பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். இரவில் மூன்று முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை அவருடைய தம்பி கிளிஃப் வந்து துணைக்கு இருப்பார். அந்த மூன்று மணி நேரமும் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கடை வாசலில் காரை நிறுத்தி உள்ளேயே தூங்குவதுதான் லோர்னாவின் வழக்கம்.

போன சனிக்கிழமை கார்க் கண்ணாடியைத் தட்டியவர் டெல்மா, அதே டிப்போவில் ஓட்டுகிறவர்.

"உள்ள என்னடி பண்ற? செத்துகித்துப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்."

"தூங்குறேன். போ."

"எந்திரி. என் வண்டியில மகளோட சைக்கிள் கெடக்கு. மலைப்பாதையில ஒரு தடவ மிதிச்சுப் பாரு."

"வாரத்துல அஞ்சு நாள் பனியில ஓட்டுறது பத்தாதா எனக்கு?"

இருந்தும் போனார். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே, மிதித்து இறுகிய பனிப்பாதை. அந்தச் சைக்கிளின் சக்கரம் ஒவ்வொன்றும் தொடைத் தடிமன் இருந்தது. டெல்மா குந்தி உட்கார்ந்து புஸ்ஸென்று காற்றை இறக்கினார்.

"அடிப்பாவி, காத்தையா எறக்குற! டிப்போவுல இதப் பண்ணுனா வேல போயிரும்."

"மெத்துன்னு இருந்தாத்தான் பனியப் புடிக்கும். மஞ்சக் கலர் வண்டிய மறந்துட்டு ஏறு."

மறக்க முடியவில்லை. சரிவு வந்ததும் கை தானாகப் பிரேக்கை இறுக்க, இரண்டு முறை விழுந்தார். மூன்றாவது முறை முன்சக்கரம் பாதையை விட்டு விலகி இறுகாத பனியில் புதைந்தது. லோர்னா மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து, தோள்வரை அமிழ்ந்துபோனார். எழுந்திருக்கவில்லை.

டெல்மா ஓடி வந்தார். "அடி பட்டுருச்சா? ஏய், பேசுடி!"

"படல. கொஞ்ச நேரம் இப்பிடியே விடு. இங்க யாரும் என்னக் கூப்பிடல."

சொல்லி ஐந்து நிமிடம் இருக்காது, கைபேசி அடித்தது. கையுறையைப் பல்லால் கழற்றி, படுத்தபடியே எடுத்தார். கிளிஃப்தான்.

"அண்ணன் உங்களத் தேடுறாரு அண்ணி. எப்ப வர்றீங்க?"

வேறொரு சனிக்கிழமையாக இருந்தால் பதில் சொல்வதற்கு முன்பே காரைக் கிளப்பியிருப்பார்.

"பன்னெண்டு மணிக்கு."

"கொஞ்சம் முன்னாடி..."

"பன்னெண்டுக்குத்தான் கிளிஃப். ஜன்னல் பக்கமாத் திருப்பி உக்கார வையி, அவரு தெருவப் பாப்பாரு."

கைபேசியை வைத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "தேடுறாராம் டெல்மா."

"தேடட்டும். உன் நேரம் இன்னும் முடியல."

எழுந்தார். கழுத்துக்குள் போன பனியை உதறினார். அடுத்த சரிவில் பிரேக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சக்கரங்கள் பனியை நறநறவென்று அரைத்துக்கொண்டு ஓடின. கீழே வந்து நின்று, "முடியல" என்றார். சொல்லிக்கொண்டே சைக்கிளைத் திருப்பி மேட்டில் தள்ளத் தொடங்கினார்.

பதினொன்றரைக்கு வண்டியருகே வந்தார்கள். டெல்மாவின் மகள் நல்ல உயரம். லோர்னாவுக்காக இறக்கிய சைக்கிள் இருக்கையைப் பழையபடி உயர்த்த, டெல்மா திருகைத் தளர்த்தக் கை வைத்தார்.

"இரு" என்றார் லோர்னா. மேல்சட்டைப் பையைத் துழாவி, வெண்டலின் புண்ணுக்குக் கட்டுப்போடும் வெள்ளை ஒட்டுப்பட்டைச் சுருளை எடுத்தார். விறைத்த விரல்களுக்கு அது வசப்படவில்லை. பல்லால் கடித்துக் கிழித்து, இருக்கைத் தண்டில் தன் உயரத்துக்கு இருக்கை நின்ற இடத்தில் அடையாளமாக ஒரு சுற்றுச் சுற்றி, அது எங்கும் பிரிந்துவிடாதபடி கட்டைவிரல் நகத்தால் நீவி நீவி அழுத்தினார்.