மஸ்கெலியாவிலிருந்து சூரியனை ஆராய்ந்தவன்

சூரியனை ஆராய்ச்சி செய்யும் தொழிலுக்கு முதலில் வேண்டியது சூரியன். அது கிடைக்காத ஊராகப் பார்த்து நான் குடியிருந்தேன். இலங்கையின் மலைநாட்டு மஸ்கெலியாவில் பள்ளிக்கூட மாஸ்டர் வேலை. பௌதிகம் படிப்பித்த நேரம் போக மீதி நேரத்தில் வானியல் ஆராய்ச்சி. உலகச் சண்டைக்கு முந்தி, தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தன் நாட்டுக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் தொரை சாமான்களை ஏலம் போட்டபோது, யாரும் கேட்காத ஒரு சின்னத் தொலைநோக்கி என் தலையில் விழுந்தது. அதைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி, பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்தால் கடதாசியில் சூரியன் வட்டமாக விழும். அதிலுள்ள கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து, எண்ணி, கொப்பியில் பதிய வேண்டும். ஆராய்ச்சி என்றால் அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் என் பெயர் அச்சில் வர வேண்டும், அதைக் காட்டி எங்காவது ஒரு வானாய்வு நிலையத்தில் போய் உட்கார வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. எதையாவது எழுதி அனுப்பிவிட்டுத் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேலே படியுங்கள். நம் சாதி ஒன்றுதான்.

ஆய்வுக்கூடம்

கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடிதான் என் ஆய்வுக்கூடம். அந்த வட்டாரத்தில் உயரமான ஜன்னல் அங்கேதான் இருந்தது. ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் நல்ல மனிதர். கொழுந்தில் கால் படக்கூடாது, பீடி பிடிக்கக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு இடம் கொடுத்தார். பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவை, விட்டு வந்ததும் ஒரு தடவை ஏறுவேன். பல நாள் நானும் கொழுந்தும் சேர்ந்து வாடியதுதான் மிச்சம்.

ஈரம் தொடர்ந்தால் கொழுந்து வாடாது, தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரை டீமேக்கரைத்தான் வாட்டுவார். அப்படி மூன்று நாள் வெயில் வராத ஒரு காலையில் மேலே வந்து, நாளைக்கு வெயில் அடிக்குமா என்று கேட்டார். சூரியனின் மேற்பரப்பில் புள்ளிகள் ஏன் கறுப்பாகத் தெரிகின்றன, அங்கே காந்தப்புலம் எப்படி வேலை செய்கிறது என்றெல்லாம் விளக்கிவிட்டு, நாளை வெயில் வருமா என்பது மட்டும் எனக்குத் தெரியாது என்றேன். அவர் என்னையும் தொலைநோக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சூரியனுக்கு உள்ளுக்க நடக்கிறதெல்லாம் தெரியும், நாளைக்கு அது வருமான்னு தெரியாதுங்கிறீங்க. அப்ப அதுக்கு யாரு மாஸ்டர் பொறுப்பு?"

கிரகணம்

ஒரு வருஷம் சூரிய கிரகணம் வந்தது. கிரகண நேரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது வழக்கம். அடுப்பு மூட்டமாட்டார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் தலையை வெளியே நீட்டமாட்டார்கள். விஞ்ஞானத்தைப் பரப்ப இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று, ஒரு வாரமாக லயம் லயமாகப் போய்ப் பிரசங்கம் செய்தேன். யாரும் சூரியனை நேரே பார்க்க வேண்டாம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டி அதில் கிரகணத்தை விழவைக்கிறேன், துணியைப் பார்த்தால் போதும் என்று சொன்னேன்.

அன்று துணி கட்டினேன். தொலைநோக்கியை நிறுத்தினேன். களத்தில் நானும் என் மச்சான் முத்தையாவும் மட்டும் நின்றோம். சரியாகக் கிரகணம் பிடிக்கும் நேரத்தில் மூடுபனி இறங்கி, துணியே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. கிரகணம் விட்ட பிறகு லயத்துக் கதவுகள் திறந்தன. தண்ணீர்க் குடத்தோடு வந்த மாரியாயி, நனைந்து நின்ற என்னைப் பார்த்து நின்றாள்.

"நாங்க உள்ளுக்க இருந்துகிட்டுப் பாக்கலை, நீங்க வெளியில நின்னுகிட்டுப் பாக்கலை. எங்களுக்காவது குளிரலைங்க மாஸ்டர்."

போனதும் வந்ததும்

என் முதல் கட்டுரை கையெழுத்தில் போனது. தட்டச்சில் வேண்டும் என்று திரும்பி வந்தது. இரண்டாவது தட்டச்சில் போனது. அவதானிப்புகள் போதாது என்று திரும்பி வந்தது. மூன்றாவது ஏன் திரும்பி வந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் கப்பலில் போய்க் கப்பலில் வருவதற்குள் சூரியனில் பழைய புள்ளிகள் போய்ப் புதியவை வந்துவிடும்.

எனக்குத் தட்டச்சு யந்திரம் தந்து உதவியவர் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த மீரான் நானா. கடையின் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவேன். தபால்காரர் என் உறைகளையும் அங்கேயே கொடுத்துவிடுவார். மூன்றாவது உறை வந்த அன்று நானா அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மனிதருக்கு உண்மையாகவே கவலை.

"மாஸ்டர், அனுப்புறது எல்லாம் உங்களுக்கே வருதே. விலாசம் எழுதுற பக்கத்தை மாத்தி எழுதுறீங்களோ?"

அரைப்புள்ளி

நாலாவது கட்டுரைதான் பிழைத்தது. அதற்கும் ஒரு கண்டம் வந்தது. என் மனைவி லெட்சுமியின் தம்பி முத்தையா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பதிவு வைப்பது எப்படி என்று நான் அவனிடம்தான் கற்றேன். தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். மழை வந்து பாதியில் நின்றால் அரைப்பேர். நானும் அதே ஒழுங்கைப் பிடித்துக்கொண்டேன். நாள் முழுக்க வெயில் இருந்து ஆறு புள்ளி கண்டால் ஆறு. அரை நாளில் பனி மூடிவிட்டால் பக்கத்தில் ஒரு அரை. கட்டுரையின் அட்டவணையிலும் அதை அப்படியே தட்டி அனுப்பிவிட்டேன். ஆறரை, நாலரை, ஒன்பதரை.

கட்டுரையை ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் சூரியனில் அரைப்புள்ளி இருப்பதை ஆசிரியர் எவ்வாறு கண்டுபிடித்தார் என்று அறிய ஆவலாக இருப்பதாகவும் இதழாசிரியர் எழுதியிருந்தார். நான் பதில் எழுதி, அது கப்பலேறிப் போய்ச் சேருவதற்குள் கட்டுரை அச்சாகிவிட்டது. அடுத்த இதழில் பிழைதிருத்தம் வந்தது. கட்டுரை இரண்டு பக்கம், பிழைதிருத்தம் ஒரு பக்கம். என் பிரசுரப் பட்டியலைக் கேட்பவர்களுக்கு இரண்டையும் தனித்தனியாக எண்ணித்தான் சொல்வேன்.

அதையெல்லாம் முத்தையாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அரைப்பேருன்னா என்னான்னே தெரியாதவங்க எப்படிங்க மச்சான் புஸ்தகம் போடுறாங்க?"

அழைப்பு

அரைப்புள்ளியே எனக்கு அதிர்ஷ்டமாகவும் ஆயிற்று. பிழைதிருத்தத்தைப் படித்துச் சிரித்த ஒரு வானாய்வு நிலையத் தலைவர் கட்டுரையையும் தேடிப் படித்திருக்கிறார். இவ்வளவு மோசமான வானத்தின் கீழ் இவ்வளவு வருஷம் விடாமல் எண்ணியவர் நல்ல வானத்தின் கீழ் என்ன செய்வார் என்று பார்க்க விரும்புகிறேன், இரண்டு வருஷத்துக்கு வாருங்கள், மனைவியையும் அழைத்து வாருங்கள் என்று எழுதியிருந்தார். கடிதத்தை நான் எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்று வகுப்பில் படிப்பித்த பாடத்தை மறுநாளும் அப்படியே படிப்பித்தேன். பிள்ளைகள் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள்.

அந்த நாட்டில் பனிக்கட்டி விழுமாமே என்று கொஞ்சம் பயந்துகொண்டே லெட்சுமியிடம் சொன்னேன். அவள் அதற்குள் கம்பளியை வெளியே எடுத்து உதறிக்கொண்டிருந்தாள்.

"ஆடி மாசத்து மஸ்கெலியாவுல ஈரத்துணி காய வச்சவ நானு. அந்தக் குளிர் என்னைய என்னா செஞ்சிரும்?"

விசாரணை

வெளிநாடு போகக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிரஜையாக இருக்க வேண்டும். சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டத்தால், தோட்டத்துத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரைப் போல நானும் பிரஜை இல்லாதவனாகியிருந்தேன். இந்த நாட்டிலேயே பிறந்தவன்தான். ஆனாலும் சட்டம் குறித்த வருஷங்கள் முழுவதும் இங்கேயே தொடர்ந்து இருந்தேன் என்று மனுப்போட்டு நிரூபிக்க வேண்டும். மனுப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த எனக்கு, அழைப்பு வந்த சமயத்திலேயே விசாரணைக்கும் கடிதம் வந்தது. ராசி கூடிவிட்டது என்று நினைத்தேன்.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். பள்ளி நடக்கும் தவணை நாட்களுக்கு வரவு இடாப்பு சாட்சி என்று ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் விடுமுறையில்? வருஷாவருஷம் இந்தியாவுக்குப் போய் வரவில்லை என்பதற்கு என்ன சாட்சி? சாட்சி சொல்ல நான் கூட்டிப்போன டீமேக்கர், மாஸ்டர் எங்கேயும் போகவில்லை என்றார். அவருடைய சொந்தப் பிரஜாவுரிமை மனுவே முடிவாகாமல் அதே மேசையில் கிடந்ததால் அவர் சொல் எடுபடவில்லை. நான் பதறவில்லை. அத்தனை வருஷக் கொப்பிகளையும் சாக்கில் கட்டிக் கொண்டு போயிருந்தேன். நாள்வாரியாகச் சூரியன், நாள்வாரியாகப் புள்ளி, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. உலகத்தில் எவனிடம் இருக்கும் இப்படி ஒரு சாட்சி?

அதிகாரி ஆகஸ்ட் மாதத்தைப் புரட்டினார். வெறும் பக்கம். அடுத்த கொப்பி, அடுத்த ஆகஸ்ட். வெறும் பக்கம். எல்லா ஆகஸ்டும் அப்படித்தான். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறவன் ஆராய்ச்சியாளன் என்று நானே எனக்கு ஒரு விதி வைத்திருந்தேன். பனிக்குள் எதைக் கண்டேன், எழுதுவதற்கு? ஐயா, அது மழைக்காலம், அந்த நாட்களிலும் நான் ஜன்னலண்டை நின்றுகொண்டுதான் இருந்தேன் என்றேன். என் குரல் எனக்கே பொய் போலக் கேட்டது. அதிகாரி சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல் அதைத் தமிழில் சொன்னார்.

"சூரியன் அங்க இல்லைங்கிறதுக்கு உங்க கொப்பி நல்ல சாட்சியாம். நீங்க அங்க இருந்தீங்கங்கிறதுக்கு என்னா சாட்சின்னு ஐயா கேக்குறாரு."

அதற்குப் பிறகு

மனு தள்ளுபடியானது. வானாய்வு நிலையத் தலைவர் ஒரு வருஷம் இடத்தை வைத்துப் பார்த்தார், பிறகு வேறொருவருக்குக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடவுச்சீட்டு இல்லை என்று எழுத வெட்கப்பட்டு, உடம்பு சரியில்லை என்று எழுதியவன் நான். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, கொழுந்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். டீமேக்கர் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலக் கீழே இறங்கிப் போனார்.

கொப்பியை மூடிவைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த ஆகஸ்டில் ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாத பனி. லெட்சுமி வேலையெல்லாம் விட்டுவிட்டு ஃபெக்டரி மாடிவரை ஏறி வந்தாள். கையில் கொப்பியும் பென்சிலும். அவள் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை.

"எழுதுங்க. பனி, புள்ளி தெரியலை, நான் இங்கதான் நின்னேன்னு எழுதுங்க. கீழ நானும் கையெழுத்து வைக்கிறேன்."

இன்று வரை எழுதிவருகிறேன்: ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் புள்ளிகள் இருப்பதை நாலு பேர் நம்பும்படி அச்சில் ஏற்றிவிட்டேன், மஸ்கெலியாவில் நான் இருப்பதைத்தான் இன்னும் யாரையும் நம்பவைக்க முடியவில்லை.