ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்ட சாலமன்

வேதாரண்யத்திலிருந்து சாலமனின் மகள் போன் செய்தபோது நான் அண்ணனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா விடியக்காலை போயிட்டாங்க அங்கிள். நாளைக்கு அடக்கம். நீங்க அவசியம் வரணும்" என்றாள். வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். யார் என்று அண்ணன் கேட்டார். "மைக்செட் சாலமன் போயிட்டானாம்" என்றேன். அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கினார். அடுத்த வாய்க்கு வாய் திறக்கவில்லை. அண்ணன் காத்தமுத்துவுக்கு எண்பத்து நாலு வயது. இரண்டு கையும் மணிக்கட்டுக்குக் கீழே உதவாது. தட்டில் இன்னும் ஒன்றரை இட்லி கிடந்தது. "அவனுக்காக நீங்க ஏன் பட்டினி கெடக்கணும்?" என்றேன்.

அடக்கம் முடிந்த மறு வாரம், சபையார் ஒரு நினைவு மலர் போடுவதாகவும் அதில் நான் எழுத வேண்டும் என்றும் அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "அப்பாவுக்குப் பிடிச்ச இங்கிலீஷ் பாட்டெல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் அங்கிள்." உண்மைதான். அவன் நல்ல தகப்பன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தவன், யாரையும் கடிந்து பேசாதவன் என்று மற்றவர்கள் எழுதுவீர்கள். நான் பாட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். படித்து முடித்ததும் இவனை ஏன் எழுதச் சொன்னோம் என்று நீங்கள் வருந்தினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நானும் சாலமனும் மிஷன் விடுதியில் ஒரே அறையில் படுத்தவர்கள். அவன் கீழ்வேளூரில் கோயில் பாடகர் குழுவை நடத்தியவரின் மகன். நான் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை, என் அண்ணன் நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தார். விடுதிக் காப்பாளரிடம் ஒரு ரேடியோ இருந்தது. ஞாயிறு மதியம் அவர் தூங்கிப்போனதும் கொழும்பு ஒலிபரப்பில் வரும் நேயர் விருப்ப ஆங்கிலப் பாட்டுகளை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்போம். அறுபதுகளின் ஆரம்பம் அது. மூன்று நிமிஷத்துக்குள் ஒருவன் காதலித்து, ஏமாந்து, அழுது, மறுபடியும் ஆடத் தொடங்கிவிடுவான். மூன்று பெண்கள் கைதட்டிக்கொண்டே ஒரு துரோகியைத் திட்டுவார்கள். இடுப்பை ஒடிக்கிற ஆட்டப் பாட்டுகள் வரும். கறுப்பர்களின் பாட்டு வந்தால் சாலமன் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வான். "நம்ம கோயில் பாட்டுதான்டா இது. சாமி இருந்த எடத்துல பொண்ண வச்சிட்டானுவ, அவ்வளவுதான்" என்பான். அதைவிடச் சரியாக அந்தப் பாட்டுகளைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு கோடு போட்ட நோட்டில் எங்கள் பத்துப் பாட்டுகளை வரிசையாக எழுதி வைத்திருந்தோம். மாதம் ஒரு முறை வரிசை மாறும், அதற்குச் சண்டையும் நடக்கும். "பாட்டு நல்லாருக்கான்னு கேக்காத. முடிஞ்ச ஒடனே மறுபடி போடணும்னு தோணுதா, அதச் சொல்லு" என்பது அவன் வைத்திருந்த அளவுகோல். முதல் இடம் மட்டும் ஒருபோதும் மாறவில்லை. ஒருத்தன் தொண்டை கிழியக் கிழியத் தன் பெண்ணைக் கூப்பிடும் பாட்டு அது. வந்துவிடு, இனி தாங்காது, வந்துவிடு என்பதைத் தவிர அதில் வேறு செய்தியே கிடையாது. நாலு தட்டு மத்தளம், பிறகு அந்தக் குரல்.

படிப்பு முடிந்து சாலமன் கீழ்வேளூர்க் கடைத்தெருவில் மைக்செட் கடை வைத்தான். சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த அவன் மாமா எங்கள் பத்துப் பாட்டுகளின் தட்டுகளையும் ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பினார். எல்லாம் அரக்குத் தட்டுகள், கைதவறினால் அப்பளம். கல்யாணமோ சடங்கோ, தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, சாமி பாட்டுப் போட்டு, சினிமாப் பாட்டுப் போட்டு, நடுவில் ஒரே ஒரு தடவை எங்கள் முதல் பாட்டைப் போடுவான். நான் வந்திருக்கிறேன், புறப்பட்டு வா என்று எனக்கு அர்த்தம். சுற்று வட்டாரத்தில் இங்கிலீஷ் பாட்டுப் போட வேறு ஆள் கிடையாது. நான் வாய்க்கால் கரையோடு நடந்து போவேன். பந்தலுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிடுவோம்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறு வருஷம் எங்கள் பக்கம் நிலைமை கெட்டது. வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்து பண்ணையில் அறுக்கக் கூடாது என்று விவசாயக் கூலிகளின் சங்கம் வயலில் கொடி நட்டது. கோட்டையில் ஏழைகளின் ஆட்சி என்று பேசினார்கள். கீழ்வேளூர்ப் பக்கம் போலீஸ் பண்ணையார் வீட்டுத் திண்ணையில்தான் காப்பி குடித்தது. அண்ணன் சங்கத்தில் முன்னால் நின்றார். நான் நோட்டீஸ் எழுதினேன். அந்தச் சமயத்தில் பண்ணையார் பேரனுக்குக் காதுகுத்து வந்தது, சாலமன் மைக்செட் கட்ட ஒத்துக்கொண்டான். நான் அவன் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "தொழிலுடா தங்கராசு. அவரு கூப்புட்டு நான் போவலன்னா கடை இருக்காது" என்றான். அந்தக் குழாய்ச் சத்தம் கேட்கிற பக்கம்கூடத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காதுகுத்து அன்று மதியம் மூன்று மணி இருக்கும். நான் எங்கள் தெருவை ஒட்டிய வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் சங்கக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். எதிர்க்கரையில், கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளிப் பண்ணையாரின் களம், விருந்துப் பந்தலுக்குப் பின்பக்கம். சினிமாப் பாட்டு பாதியில் அறுபட்டது. நாலு தட்டு மத்தளம் கேட்டது, எங்கள் பாட்டு ஆரம்பித்தது. குழாய் கிழிகிற சத்தத்தில் வைத்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சமாதானத்துக்குக் கூப்பிடுகிறான், பண்ணையார் வீட்டுப் பாயசம் குடிக்க வரச் சொல்கிறான் என்று நினைத்தேன். பாட்டு முடிந்தது, மறுபடி ஆரம்பித்தது. மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்தது. கத்து மகனே, உன் தொண்டை வறண்டு போனாலும் வர மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். ஆனால் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது தடவை பாதியில் நின்று மறுபடி சினிமாப் பாட்டு வந்தது. ஜெயித்துவிட்டதாக எழுந்து வீட்டுக்குப் போனேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணனை வாய்க்கால் ஓரம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தனியாக வந்தவரை மடக்கிக் களத்துக்கு இழுத்துப்போய்த் தூணில் கட்டி, கொடி நட்ட கை இதுதானே என்று இரண்டு மணிக்கட்டையும் உலக்கையால் நசுக்கியிருந்தார்கள். அவர் கதறல் விருந்தாளிகளுக்குக் கேட்காமல் இருக்கச் சத்தமாகப் பாட்டு வைக்கும்படி காரியக்காரர், அதாவது பண்ணை நிர்வாகம் பார்த்தவர், சாலமனிடம் சொன்னதாக மறுநாள் தெரிந்தது. போலீஸ் வழக்கு எங்கள் ஆட்கள் மேலேயே விழுந்தது. பண்ணையாரை நான் தொட முடியாது. சாலமனைத் தொட முடியும்.

அடுத்த சந்தை நாளில் நாற்பது பேரோடு அவன் கடைக்குப் போனேன். நட்ட நடு வெயில். பத்துத் தட்டுகளையும் வெளியே கொண்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தான். நோட்டை எடுத்துப் பத்தாவதிலிருந்து படித்தேன். சாதாரணமாகப் படிக்கவில்லை, கொழும்பு அறிவிப்பாளர் மாதிரி குரலைக் குழைத்து, "அடுத்து வருவது கீழ்வேளூரிலிருந்து சாலமன் விரும்பிக் கேட்கும் பாடல்" என்று படித்தேன். கூட்டம் சிரித்தது. ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொரு தட்டையும் முழங்காலில் வைத்து உடைத்தான். கைதட்டிய பெண்களை உடைத்தான். எந்தக் குரல்களுக்கு என் தோளை அழுத்திப் பிடித்தானோ அவற்றை எல்லாம் உடைத்தான். கன்னமும் ஒரு பக்கத்துக் காதும் வீங்கியிருந்தன, எங்கேயோ விழுந்திருப்பான் என்று நினைத்தேன். கடைசித் தட்டு வந்தபோது என்னிடம் நீட்டினான். "இத நீங்களே ஒடைங்க" என்றான். அதுவரை என்னை நீ, வா, போ என்று பேசியவன். நான் வாங்கிக் கல்லில் அடித்தேன்.

"கதறலுக்குப் பாட்டுப் போட்டவன்" என்று நோட்டீஸ் அடித்தேன். அதற்கு மேல் எந்தத் தெருவும் அவனைக் கூப்பிடவில்லை. கடையை மூடிக்கொண்டு வேதாரண்யம் போய் உப்பளத்துப் பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்தான். ஒரு காது அடியோடு போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது, பாட்டுப் போட்டவனுக்குச் சரியான கூலி என்று தாலுகா ஆபீசில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வரை வந்து ஓய்வு பெற்றேன். சங்க விழாக்களில் என்னை மேடையேற்றி அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். பொது இடங்களில் சாலமனைப் பார்த்தால் அவன் ஒன்றே ஒன்று கேட்பான்: "அண்ணன் சாப்புடுறாரா?" நான் காதில் விழாத மாதிரி நடந்துவிடுவேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு, "சாலமன் செய்ததை என் குடும்பம் மறக்காது, ஆனால் இன்று எல்லார் முன்னாலும் அவனை மன்னிக்கிறேன்" என்றேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் மகள் என் காலில் விழுந்தாள். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் இதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"மன்னிச்சிட்டியா?" என்றார்.

"மன்னிச்சிட்டேண்ணே."

"அவன் எத்தினி தடவ அந்தப் பாட்டப் போட்டான்?"

"ஏழு."

"தூணுல கெடந்தப்ப நானும் எண்ணுனேன். சத்தமா வையிடான்னு காரியக்காரன் சொன்னான். இவன் ஒங்க பாட்ட எடுத்து வச்சான். என்னப் பாத்து, தங்கராசு வந்துருவான்ணே, ஆள் கூட்டிக்கிட்டு வந்துருவான்னு சொன்னான். ஏழாவதுல காரியக்காரனுக்குச் சந்தேகம் வந்துருச்சி. ஏண்டா இதையே போடுறன்னு காதோட சேத்து அறைஞ்சான். ரத்தம் கொட்டுச்சி. அப்பறந்தான் அந்தப் பாட்டு நின்னுது."

ஏன் இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவன் மாசம் ஒரு தடவ இங்க வருவான். நீ ஆபீசுக்குப் போன பொறவு. என் கால்ல விழுந்து கேட்டுக்கிட்டான், நான் இருக்குற வரைக்கும் தங்கராசுகிட்ட சொல்லாதீங்க, தெரிஞ்சா தாங்க மாட்டான்னு. அவன் பாசத்துல சொல்லல."

"நீங்க?"

"நான் கோவத்துல சொல்லல. கரையில குந்திக்கிட்டுப் பாட்டுக் கேட்டேன்னு நீயே அன்னிக்கி வந்து சொன்ன பாரு, அப்பவே மனசு விட்டுப்போச்சி. மேடையேறித் திரியட்டும், எவ்வளவு தூரம் போவான்னு பாப்பமேன்னு விட்டுட்டேன். நீ ஊட்டுன ஒவ்வொரு வாயிலயும் எனக்கு அந்தப் பாட்டுதான்டா கேட்டுச்சி."

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டில் இருந்தோம். நான் அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, ஊருக்கெல்லாம் நல்ல தம்பி என்று பேர் வாங்கினேன்.

ஆகவே சபையாரே, கல்லறைத் தோட்டத்தில் உங்கள் முன்னால் நான் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொடுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. சாலமன் கதறலுக்குப் பாட்டுப் போட்டவன் அல்ல, அந்தக் களத்தில் என் அண்ணனுக்காக அடி வாங்கிய ஒரே ஆள். அவன் கடையையும் பேரையும் அழித்தவன் நான். அவன் மகள் என் காலில் விழுந்தது தப்பு. அந்தப் பெண் இதைப் படிக்கட்டும், படித்துவிட்டு என் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கட்டும். அவனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, அவன் மேல் மண்ணள்ளிப் போட்டவர்களில் நானும் ஒருவன். அண்ணனிடம் கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கென்று சாலமனிடமிருந்து மிஞ்சியிருப்பது ஒன்றுதான். வேறு யாரும் இல்லாத இடத்தில், நான் வந்துவிடுவேன் என்று அவன் நம்பினான். இதை வைத்துக்கொண்டு நான் என்னண்ணே செய்வேன் என்று நேற்று காலை ஊட்டும்போது கேட்டேன். அவர் ஒரு வாய் வாங்கி மென்றார்.

"வச்சிக்க" என்றார்.